முறை வராத சாலை

சாலைகளுக்கு மதிப்பெண் போடுவது அப்போது என் வேலை. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளும், அவற்றிலிருந்து பிரியும் கிளைச் சாலைகளும் எங்கள் பொறுப்பு. ஜீப் மெதுவாகப் போகும். விரிசல், பள்ளம், சரிந்த ஓரம் என்று பார்த்து நான் ஒரு மதிப்பெண் போடுவேன், உடன் வரும் பொறியாளர் தனியாக ஒன்று போடுவார். ஒருவர் கணிப்பு மற்றவரைப் பாதிக்கக் கூடாது என்பதால் வழியில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. மாலையில் திண்டிவனத்தில் என் ஒற்றை அறைக்குத் திரும்பினால் அங்கேயும் ஆளில்லை. சில நாட்கள் கடையில் பால் கேட்டதோடு என் பேச்சு முடிந்துவிடும்.

பெருமுக்கல் பக்கம் ஒரு கிளைச் சாலையில் ஜல்லி பெயர்ந்து மண் தெரிந்தது. அதன் கடைசி வீட்டில் என் வயதுப் பெண் ஒருவர், அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

“எப்ப மேடம் ரோடு போடுவீங்க?” என்று செம்பை நீட்டினார்.

“இப்ப மார்க்குதாங்க போடுறோம்.”

“இதுக்கு எவ்ளோ?”

“ரொம்பக் கம்மி.”

“அப்ப மொதல்ல இதத்தான போடுவீங்க?”

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. முழுதும் கெட்ட சாலையைப் புதிதாகப் போடச் செலவு அதிகம். கெட ஆரம்பித்த சாலைக்கு உடனே மேல்பூச்சு போட்டால் குறைந்த செலவில் பல வருடம் தாங்கும். அதிலும் வண்டி அதிகம் ஓடும் சாலைக்கே முன்னுரிமை.

“வண்டி எப்படி மேடம் வரும்? ரோடு கெட்டுதான் பஸ்ஸ நிறுத்துனாங்க. பொண்ண ஹாஸ்டல்ல வுட்டேன். வூட்டுக்காரரு மெட்ராஸ்ல வேல செஞ்சிக்கினு கீறாரு. நான் ஒண்டியா கெடக்கறேன்.”

பஸ் நின்ற விஷயத்தை அறிக்கையில் எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்ன தோன்றியதோ, ஷேர் ஆட்டோவில் அந்தக் கிளைச் சாலை பிரியும் இடம் வரை போய், அங்கிருந்து நடந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் ஓடி வந்தார்.

“ரோடு விஷயமா மேடம்?”

“இல்லீங்க. சும்மாதான் வந்தேன்.”

அவர் முகம் வாடியது. பிறகு, “சும்மாவா?” என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டு, அடுப்பு மூட்டி மல்லாட்டை வறுக்க உட்கார்ந்தார். மகளின் படிப்பு, கொல்லையைக் கிளறிப்போடும் பன்றிகள் என்று பொழுது சாயும்வரை பேசினோம். சாலையைப் பற்றி இருவருமே பேசவில்லை. பிரிவு வரை கூடவே நடந்து வந்து ஆட்டோ ஏற்றிவிட்டார்.

அந்த ஆண்டு வேலைக்கு எடுத்த சாலைகளில் அது இல்லை. அடுத்த கணக்கெடுப்புக்குப் போனபோது வீடு பூட்டியிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

“அந்தம்மா பொண்ணோட திண்டிவனத்துல வாடகைக்குப் போய்ட்டாங்க.”

எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியவில்லை. ஜீப்பில் ஏறி அந்தச் சாலைக்கு மதிப்பெண் போட்டேன். போன முறையைவிடக் குறைவு.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் திண்டிவனம் சந்தைக்குப் போய்வந்தேன். வாங்க ஒன்றும் இருக்காது. கூட்டத்தில் முகங்களைப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்புவேன். கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டேன்.