வெள்ளைக் கல்லுக்கு அந்தப் பக்கம்

ரோட்டைத் தாண்டணும்னா விசில்காரருக்கு இன்னைக்கும் ஒரு சத்தம் வேணும். சிக்னல்ல பச்சை எரிஞ்சாலும் கால் நகராது. உதட்டுக்குள்ளயே "பீப்"ன்னு ஒண்ணு சொல்லிட்டு, அப்புறந்தான் இறங்குவாரு.

"ஆரம்பிச்சுட்டீங்களாப்பா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"ன்னு மக கையைப் பிடிச்சு இழுப்பா.

"நீ சும்மா வாம்மா. உத்தரவு இல்லாம தாண்டிப் பழக்கமில்ல."

இத்தனைக்கும் மனுஷன் கைதி இல்ல, கைதிகளுக்குக் காவல் நின்ன வார்டரு! வேலை கிடைச்சப்போ அவரு கண்ட கனவே வேற. ஆகாசத்தைத் தொடுற சுவர், இரும்புக் கதவு, இடுப்புல சாவிக்கொத்து, நடந்தா கலகலன்னு சத்தம். போட்டது ஜெயில் பண்ணையில. டிரங்குப் பெட்டியோட பஸ்ஸை விட்டு இறங்கினவுடனே, விடிய விடிய பாலிஷ் போட்ட பூட்ஸு சேத்துக்குள்ள பொதக்குன்னு போச்சு. சுத்திமுத்திப் பாத்தாரு. கத்தரிச் செடி. அந்தப் பக்கம் வெண்டை. அதுக்கும் அந்தப் பக்கம் மாடு. களை பறிச்சிட்டிருந்த கைதி ஒருத்தன்கிட்ட, "ஏம்ப்பா, சுவர் எங்க?"ன்னு கேட்டாரு.

அவன் நிமிர்ந்து இவரை மேலயும் கீழயும் பாத்தான். "நீங்கதான்யா."

சுவரு இல்லாமப் போனதுக்கு ஒரு கதை உண்டு. முதல் முதல்ல வந்த கைதிகளை அந்தப் பொட்டல்ல கூடாரம் போட்டு இறக்கினாங்களாம். சுவர் கட்ட வண்டி வண்டியா கல்லு வந்துச்சாம். ஆனா குடிக்கத் தண்ணி இல்ல. சரின்னு கிணறு வெட்டினா, மண்ணு பொலபொலன்னு சரியுது. அதைத் தாங்க, சுவருக்குன்னு வந்த கல்லையெல்லாம் உள்ள இறக்கிட்டாங்க. மிஞ்சின கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சு, பண்ணையைச் சுத்தி இங்கொண்ணு அங்கொண்ணு நட்டாங்க. அதுதான் எல்லை. கோழிகூடத் தாண்டும். கைதி தாண்ட மாட்டான்.

நல்ல நடத்தைன்னு பேரெடுத்து, தண்டனை முடியுற காலத்துலதான் இங்க அனுப்புவாங்க. வெளியில போற நாளு கண்ணுக்குத் தெரியும்போது எவன் ஓடுவான்? காலையில வயல், மத்தியானம் மாட்டுக்கொட்டகை, சாயந்திரம் காய்கறியை லாரியில ஏத்தி மத்த ஜெயிலு சமையக்கட்டுகளுக்கு அனுப்பணும். புல்லு அறுக்கவோ வாய்க்கா வெட்டவோ கல்லைத் தாண்டணும்னா, வார்டரு குட்டியா ஒரு விசில் கொடுப்பாரு. போக ஒண்ணு, வர ஒண்ணு. நீளமா ஊதினா எவனோ ஓடிட்டான்னு அர்த்தம். சாயந்திர எண்ணிக்கை முடிஞ்சப்புறம் குட்டியோ நீளமோ, எந்த விசிலும் ஊதக் கூடாது. ஊதினா சைரன்தான்.

அதனால விசில் எப்பவும் இவரு வாய்லயே இருக்கும். பேசினாலும் அதோட ஓரமாத்தான் பேச்சு வரும். வீட்டுக்காரம்மா தலையில அடிச்சுக்கும். "தூங்கும்போதாவது கழட்டி வைங்களேன். மூச்சு விட்டா பீ பீங்குது. புருஷன் பக்கத்துல படுத்திருக்கேனா, குக்கர் பக்கத்துலயா?"

அந்தப் பண்ணையில ரெண்டு பிரபலம். ஒண்ணு, புல்லு வண்டி இழுக்குற ஒத்தை மாடு. பேரு ஜட்ஜய்யா. நல்லா நடந்துட்டே இருக்கும், திடீர்னு உக்காந்துக்கும். என்ன கெஞ்சினாலும் எழாது. "வாய்தா போட்டுட்டாருடா"ன்னு கைதிங்க பக்கத்துல உக்காந்து பீடி பத்த வச்சிருவாங்க.

இன்னொண்ணு, மாட்டைப் பாத்துக்கிட்ட கைதி. ஒரு தடவை காதுல விழுந்த குரலை அப்படியே திருப்பிப் போடுவான். அதனால பேரு டேப்பு. ஜெயில் சூப்பரண்டு மூக்கால பேசி, வார்த்தைக்கு வார்த்தை "ஆங்?" போடுறவரு. டேப்பு கொட்டகைக்குள்ள இருந்து "யாரது சிரிக்கிறது? ஆங்?"ன்னா, வெளியில நிக்கிற வார்டருங்க தொப்பியைத் தேடுவாங்க. ஒரு கோவத்துல கை நீட்டி உள்ள வந்தவன். அடுத்த வாரம் விடுதலை. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து கழுவி விட்டுட்டுக் காத்திருக்கேன்னு அவன் பொண்டாட்டி சொல்லி அனுப்பியிருந்தா.

அப்பத்தான் ஒரு சாயந்திரம் எண்ணிக்கையில டேப்பைக் காணோம்.

விசில்காரரு இன்னொரு தடவை தலையை எண்ணிப் பாத்தாரு, ஒண்ணு குறையுது. ஊதினா, ஓடினவன்னு அவன் தலையில எழுதிருவாங்க. விடுதலை கனவாப் போயிரும். ஊதாம விட்டு அவன் நெசமாவே ஓடியிருந்தா? இவரு வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், பொண்ணு படிப்பு பாதியில நிக்கும்.

"எண்ணிக்கை சரியா? ஆங்?"ன்னாரு சூப்பரண்டு.

வாய்ல விசில். "உம்"னாரு. ஆமாம்னும் எடுத்துக்கலாம், இல்லைன்னும் எடுத்துக்கலாம்.

சைக்கிளை எடுத்துட்டு வெள்ளைக் கல்லு ஓரமாவே மிதிச்சாரு. மனசுக்குள்ள டேப்பைத் திட்டாத திட்டு இல்ல. பண்ணைக் கோடியில, மசங்கல் வெளிச்சத்துல, ஒரு உருவம் கயித்தைப் பிடிச்சுட்டு நிக்குது.

கல்லுக்கு இந்தப் பக்கம் டேப்பு. அந்தப் பக்கம் ஜட்ஜய்யா, சம்மணம் போடாத குறையா உக்காந்து அசை போட்டுட்டிருக்காரு. நடுவுல கயிறு.

"என்னய்யா கூத்து இது?"

"கயித்தை இழுத்துட்டு அந்தப் பக்கம் போய் வாய்தா போட்டுட்டாருய்யா. நான் தாண்டினா ஓடினவன். கயித்தை விட்டா சர்க்கார் சொத்தைத் தொலைச்சவன். மத்தியானத்துல இருந்து இப்படியேதான் நிக்கிறேன்."

"கூப்பிட வேண்டியதுதானே?"

"என் குரல்ல கூப்பிட்டேன், கேக்கல. உங்க குரல்லயும் கூப்பிட்டுப் பாத்தேன். நீங்களே வரல."

சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. அடக்கிட்டு, "சரி, தாண்டு. நான்தான் நிக்கிறேன்ல?"ன்னாரு.

"விசில் வேணும்யா."

"இந்நேரத்துல ஊதினா சைரன் அடிப்பான்டா மடையா!"

"அப்போ தாண்ட மாட்டேன். இத்தனை வருஷமா சரியா இருந்துட்டு, கடைசி வாரத்துலயா?"

விசில்காரரு அவனைப் பாத்தாரு. மாட்டைப் பாத்தாரு. வாய்ல இருந்து விசிலை எடுத்தாரு. சுத்தி யாராவது இருக்காங்களான்னு பாத்துட்டு, மெதுவா, வெக்கத்தோட, "பீப்"ன்னாரு.

டேப்பு தாண்டிட்டான்.

ரெண்டு பேரும் தள்ளினாங்க, முட்டுக் கொடுத்தாங்க, வாலை முறுக்கினாங்க. ஜட்ஜய்யா கண்ணைக்கூடத் திருப்பல. கடைசியில டேப்பு தொண்டையைச் செருமிக்கிட்டு மூக்கால விட்டான். "எந்திரி! என்ன படுக்கை? ஆங்?"

மாடு விருட்டுன்னு எழுந்துச்சு. விசில்காரரும் சேத்துல அட்டென்ஷன்ல நின்னாரு.

திரும்ப கல்லுகிட்ட வந்ததும் டேப்பு நின்னுட்டான். "ஐயா, உள்ள வர ஒண்ணு."

"பீப். தொலை."

மறுவாரம் விடுதலை. காலை வெயில்ல, சொந்தச் சட்டையில, துணிப்பையோட டேப்பு கல்லுக்கு முன்னால நின்னான். சட்டை அவனுக்கு லூசாப் போயிருந்துச்சு. வயல்ல இருந்தவங்க எல்லாரும் நிமிர்ந்து பாத்துட்டு நிக்கிறாங்க. விடுதலைக்கும் ஒரு குட்டி விசில் உண்டு. அது போக மட்டுந்தான், திரும்பி வர விசில் கிடையாது.

விசில்காரரு விசிலை வாய்ல வச்சாரு. காத்து வரல. மறுபடியும் ஊதினாரு, அப்பவும் வரல. எடுத்துத் தட்டினாரு, உதறினாரு. "துருப் பிடிச்சுக் கிடக்கு"ன்னு முணுமுணுத்தாரு.

டேப்பு ஒரு நிமிஷம் அவரையே பாத்தான். அப்புறம் அவரு குரல்லயே, அதே வெக்கத்தோட, "பீப்"ன்னான். தாண்டினான். திரும்பிப் பாக்காம நடந்தான்.

அவன் ரோட்டு வளைவுக்குப் போனப்பத்தான் இவருக்கு மூச்சு வந்துச்சு. வந்தது கொஞ்சமா வரல. அடைச்சு நின்னதெல்லாம் சேர்ந்து விசிலுக்குள்ள போய், நீளமா, ஊரையே தூக்குற மாதிரி கத்திருச்சு.

அவ்வளவுதான். சைரன் அலறுது, தடியோட வார்டருங்க ஓடி வர்றாங்க, சூப்பரண்டு ஒத்தைச் செருப்போட மூச்சிரைக்க வந்து நிக்கிறாரு. "எவன் ஓடினான்? ஆங்? எவன் ஓடினான்?"

விசில்காரரு கண்ணைத் துடைச்சுட்டு, ரோட்டு வளைவைக் கை காட்டினாரு.

"யாரும் ஓடலய்யா. நடந்துதான் போறான்."