என் கற்பனை நாட்டில் சைட் கேட்டவர்

நண்பர்களோடு ஞாயிறுதோறும் ஆடும் கதை விளையாட்டுக்காக ஒரு கற்பனை நாட்டையே வரைந்திருக்கிறேன். இன்று அந்த வரைபடத்தை மல்லேஸ்வரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்தேன்.

ஜெராக்ஸ் எடுக்க வந்த நில புரோக்கர் எட்டிப் பார்த்தார்.

“சார், இது தேவனஹள்ளி தாண்டியா? இந்த ஏரி பக்கம் வீட்டு மனை, சைட் ஏதாவது இருக்கா?”

“அது ஏரி இல்லீங்க, சதுப்பு நிலம். நாடே நான் கற்பனையா வரைஞ்சது.”

“சும்மா இருங்க சார், மேடு பள்ளம் எல்லாம் கரெக்டா போட்டிருக்கு! சதுப்புன்னா என்ன, மண்ணு கொட்டி மூடிட்டா லேஅவுட்.”

நிலம் பார்த்தே பிழைப்பவர் நம்பிவிட்டார்! இதே வரைபடத்தைச் ‘சின்னப் பிள்ளை கிறுக்கல்’ என்று ஆபீஸில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்த என் பழைய மேனேஜர் இதைக் கேட்கப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

சதுப்பை மட்டும் மூட விடமாட்டேன். அதற்கு அந்த மேனேஜர் பெயரைத்தான் வைத்திருக்கிறேன்.

பெயர் வைக்காத சாக்கடை ஒன்று மிச்சமிருக்கிறது. உங்கள் மேனேஜர் பெயர் என்ன?