பில்பாவோவில் ஓர் ஆடி அமாவாசை

ஆறு மேல்நோக்கி ஓடிப் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பதற்றம் போகவில்லை. வாளியில் தண்ணீர் நிறையும் சத்தம் கேட்டால்கூட ஓடிப்போய்க் குழாயை மூடுகிறேன்.

எங்கள் மகள் கோமதி — வீட்டில் கோமு — ஸ்பெயினில் பில்பாவோ என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். காற்றாலை வடிவமைக்கும் கம்பெனி. "காத்தாடிக்கா இவ்வளவு தூரம்? வள்ளியூர் தாண்டினா காடு பூரா காத்தாடிதானே சுத்துது?" என்று இவர் கேட்டுப் பார்த்தார். அவள் மசியவில்லை. 'இவர்' என்றால் என் கணவர். தாமிரபரணி வாய்க்கால்களின் மதகுகளைத் திறந்து மூடியே முப்பது வருடம் ஓட்டிய இன்ஜினீயர். ஆற்றைப் பற்றி அவரிடம் யாரும் வாய் திறக்க முடியாது.

கோமுவின் வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் பட்டச் சான்றிதழின் ஒரிஜினலைக் காட்ட வேண்டுமாம். அது பாளையங்கோட்டையில் எங்கள் பீரோவில் இருந்தது. கூரியரில் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. தொலைந்துவிட்டால்? கையோடு கொண்டு வருகிறோம் என்று சொல்லி இரண்டு பேரும் விமானம் ஏறிவிட்டோம். சான்றிதழ் ஒரு சாக்கு என்பது, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் யாருக்கும் புரியும்.

"அதை வீட்டுலயே வச்சிருங்கம்மா. இங்கன யாரும் எடுக்க மாட்டாவ" என்றாள் கோமு, நாங்கள் போய் இறங்கிய அன்றே.

நம்புவேனா? மஞ்சள் துணிப்பைக்குள் வைத்தேன். போகும் இடமெல்லாம் அது என் தோளிலேயே தொங்கியது.

ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இரும்பு ஆலையும் கப்பல் கட்டும் தளமுமாகப் புகைந்துகொண்டிருந்த ஊராம். ஆறு தார் மாதிரி ஓடியதாம். ஆலைகள் மூடி ஊர் படுத்துவிட்டது. அப்புறம் எழுந்து உட்கார்ந்து முதலில் ஆற்றைக் கழுவியிருக்கிறார்கள்! இப்போது கரையில் மீன் செதில் போலத் தகடு போர்த்திய ஒரு மியூசியம். அதன் வாசலில் முழுக்க முழுக்கப் பூச்செடிகளால் ஆன, மாடி உயர நாய்க்குட்டி.

"நம்ம ஊருல வச்சா ரெண்டே நாளுல ஆடு மேஞ்சிரும்" என்றார் இவர். புல்தரை மேல் டிராம் ஓடுவதைப் பார்த்து அதைவிடப் பெரிய கவலை. "ஒரு மாடுகூட குறுக்க வரலியே!"

சனிக்கிழமை ரயிலேறி ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போனோம். அங்கே ஒரு விசித்திரப் பாலம். நடப்பதற்குக் கீழே பாதை கிடையாது. உயரத்திலிருந்து கம்பியில் தொங்கும் ஒரு பெட்டி, கார்களையும் மனிதர்களையும் ஏற்றிக்கொண்டு ஊஞ்சல் மாதிரி அக்கரைக்குப் போகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவர் மட்டும் அண்ணாந்து பார்த்து, அந்தச் சக்கரத்துக்கு யார் எண்ணெய் விடுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனது, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறைக்கு. உச்சியில் சின்னத் தேவாலயம். இருநூற்றுச் சொச்சம் படிகள். பாதி தூரத்தில் கோமு திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் பையையாவது தாங்கம்மா, நான் தூக்குதேன்."

"வேண்டாம். நீ விளையாட்டுப் பிள்ளை."

விளையாட்டுப் பிள்ளைக்கு வயது இருபத்தெட்டு.

செவ்வாய்க்கிழமை சான்றிதழோடு ஆபீசுக்குப் போக வேண்டும். அன்றுதான் கடைசி நாள். அதற்கு முந்தைய நாள், திங்கள், ஆடி அமாவாசை. என் மாமனாருக்கு ஆற்றில் நின்று எள்ளும் தண்ணீரும் விடாமல் இவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. கோமு வேலைக்குக் கிளம்பியதும் நாங்களும் கிளம்பினோம். வேட்டி, துண்டு, ஊரிலிருந்தே கொண்டுபோன எள் பொட்டலம், தோளில் பை.

ஆற்றோரம் நடந்து போனால், படகு கட்டுவதற்கான ஒரு பழைய கல் படிக்கட்டு தண்ணீருக்குள் இறங்கியது. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே...

"ஏளா, படித்துறை!"

சட்டையைக் கழற்றினார். இறங்கிக் கணுக்கால் தண்ணீரில் நின்றார். நான் பையை அவருக்கு மூன்று படி மேலே, நன்றாகக் காய்ந்த படியாகப் பார்த்து வைத்தேன். எங்கள் ஊர்ப் படித்துறையில் காலங்காலமாக அப்படித்தானே வைக்கிறோம்? கையில் போனைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் குறுக்குத்துறைப் படித்துறையில் வழக்கமாகத் தர்ப்பணம் செய்துவைக்கும் ஐயர், காலையிலேயே மந்திரத்தை வாய்ஸ் நோட்டாக அனுப்பியிருந்தார்.

"பிள்ளைவாள், தெக்கே பாத்து நில்லுங்கோ..." என்று ஆரம்பித்தார் ஐயர். பின்னணியில் குறுக்குத்துறைக் கூட்டத்தின் இரைச்சல். "ஏலே, என் செருப்பை எங்கலே?" என்று யாரோ மந்திரத்தின் நடுவே தேடிக்கொண்டிருந்தார்கள்.

இவர் உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து உறிஞ்சினார். முகம் சுளித்தார்.

"தண்ணி உப்புக் கரிக்கு ட்டி."

"மந்திரத்துக்கு நடுவுல பேசாதீங்க."

அப்போது மேலே நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் நின்றுவிட்டான். சட்டையில்லாமல் ஆற்றில் இறங்கி நிற்கும் ஆள். கரையில் போனைப் பிடித்தபடி மனைவி. அவன் என்ன நினைப்பான்? "ஓகே?" என்று கேட்டான். கட்டை விரலைக் காட்டினேன். நகரவில்லை. விளக்கிவிடலாம் என்று முதலில் இவரைக் காட்டினேன். பிறகு, இவருடைய அப்பா மேலே போய்விட்டார் என்பதற்காக வானத்தைக் காட்டினேன்.

அவன் அலறியடித்துக்கொண்டு போனை எடுத்தான்.

நான் படியேறி ஓடினேன். "நோ, நோ! பூஜா! பூஜா!" ஒரு வழியாக அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். காய்ந்த படியைக் காணோம். இவர் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நிற்கிறார். பையைக் காணோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வாரப் பத்தியை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அந்த அரை நொடி என் கால் நகரவில்லை. போனால் போகட்டும் என்று தோன்றியது. டூப்ளிகேட் வாங்குவதற்குள் தேதி முடிந்துவிடும். வேலை போகும். பிள்ளை ஊருக்கு வந்துவிடுவாள்... அரை நொடிதான். அதற்குள் அவளுக்கு மாப்பிள்ளைகூடப் பார்த்து முடித்துவிட்டேன்.

அப்புறம் ஓடினேன். "ஐயோ, என் பிள்ளை சர்டிபிகேட்!" என்று கத்திக்கொண்டு, ஆறு கடலுக்குப் போகும் திசையில் ஓடினேன். ஆறு என்றால் கீழேதானே போகும்? என் வயதுக்கு எந்த ஆறும் எனக்கு வேறு மாதிரி சொல்லித் தரவில்லையே.

"அர்ரிபா! அர்ரிபா!" என்று அந்த இளைஞன் பின்னால் கத்தினான். திரும்பினால், அவன் கை எதிர்த்திசையைக் காட்டுகிறது. அங்கே மஞ்சள் பை மேல்நோக்கி நிதானமாக, மாமியார் வீட்டுக்குப் போகிற புது மாப்பிள்ளை மாதிரி மிதந்து போய்க்கொண்டிருந்தது!

கடல் பக்கத்தில். அமாவாசைக்குக் கடல் பொங்கும் என்பது திருச்செந்தூரில் குளித்த எல்லோருக்கும் தெரியும். அது ஆற்றுக்குள்ளேயே புகுந்து ஊர் வரைக்கும் ஏறி வரும் என்று யார் கண்டது?

நாங்கள் மூன்று பேரும் கரையோடு ஓடினோம். முன்னால் இளைஞன், நடுவில் நான், கடைசியில் ஈர வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓர் இன்ஜினீயர். நல்லவேளை, எதிரே துடுப்புப் படகில் நான்கு பெண்கள் பயிற்சி செய்துகொண்டு வந்தார்கள். இளைஞன் கத்தியதும் ஒருத்தி துடுப்பை நீட்டிப் பையை மீன் மாதிரித் தூக்கினாள்.

உள்ளே முறுக்குப் பொட்டலம் கூழாகியிருந்தது. சான்றிதழ்? ஜவுளிக்கடை பாலிதீன் கவரில் சுற்றி, அதை இன்னொன்றில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, மறுபடியும் சுற்றியிருந்தேன் அல்லவா? ஒரு பொட்டு ஈரம் இல்லை. பயந்த மனுஷிக்கும் ஒரு நாள் வரும்!

கோமுவிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் அவள் சான்றிதழோடு ஆபீசுக்குள் போனாள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"ஏங்க, நேத்து பை போனப்ப... ஒரு நிமிஷம் போனாப் போகட்டும்னு தோணிச்சு. நான்லாம் ஒரு தாயா?"

இவர் எதிரே போகும் டிராமையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார்.

"தண்ணி உப்புன்னு சொன்னேம்லா?"

"ஆமா."

"ஆத்துத் தண்ணி உப்பாச்சுன்னா கடலு உள்ள வருதுன்னு அர்த்தம். அது தெரியாமலா முப்பது வருஷம் மதகு பாத்தேன்? தண்ணி ஒவ்வொரு படியா ஏறுதது கால்ல தெரியுது. பையையும் பாத்தேன். பொறவு கண்ணை மூடிக்கிட்டேன்."

"மந்திரத்துக்குத்தானே?"

"மந்திரம் அப்பமே முடிஞ்சிட்டு ட்டி."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

கதவு திறந்தது. கோமு ஓடி வந்தாள். "யம்மா! கையெழுத்துப் போட்டாச்சு! பெர்மனென்ட்!" கட்டிக்கொண்டோம். மூன்று பேரும் அழுதோம். எங்கள் சந்தோஷம் பொய்யில்லை. முந்தின நாள் நினைத்ததும் பொய்யில்லை. பெற்ற மனசுக்குள் இரண்டு தண்ணீரும் ஒரே நேரத்தில்தான் ஓடும் போலிருக்கிறது.

கோமு கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"அது சரி... ஏன் ரெண்டு பேரும் திருட்டு முழி முழிக்கிய?"

கோமு, தாயி... இந்த வாரம் மட்டும் அம்மா எழுதினதைப் படிக்காதே.