இடப்பக்கம் திரும்பினால் எரியும் விளக்கு

2024 ஜூலை 10, புதன்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து குழாய்த் தண்ணீர் பிடித்தேன். வாசலில் கோலம் போட்டேன். மதியத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு, காரின் கண்ணாடிகளைத் துடைத்துவிட்டு, வாலாஜாபாத் அரிசி ஆலைக்குக் கிளம்பினேன். அங்கே கணக்கு எழுதுகிறேன். சந்து முனையில் இடப்பக்கம் திரும்பியதும் டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு கார் படம், அதன் பின்னால் பாம்பு போன தடம் மாதிரி இரண்டு கோடு. சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

மூன்று வாரமாக இதே கதை. மெக்கானிக் இரண்டு முறை கம்ப்யூட்டரை மாட்டி விளக்கை அணைத்துக் கொடுத்தார். இரண்டு முறையும் வீடு வந்து சேர்வதற்குள் மறுபடி எரிந்தது.

விளக்கைவிட வீட்டில் இருப்பவர்கள்தான் அதிகம் எரிச்சல் மூட்டினார்கள். பின்கட்டில் பட்டுத் தறி போட்டிருக்கும் என் கொழுந்தன், நான் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பான். "அண்ணி பிரேக் போடற போடுல காரே பயந்துக்கினு லைட் போடுதுபா" என்பான். என் கணவர் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் சிரிக்காமல் சொன்னார்: "இந்த வாரத்துக்குள்ள அது சரியாகலைன்னா வண்டியைத் தம்பி வெச்சிக்கட்டும். நீ பழையபடி பஸ்ல போம்மா."

வண்டி வாங்கியது என் சம்பளத்தில். பதிவு அவர் பெயரில். தம்பிக்கு மட்டும் விளக்கு எரிந்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். பதினொரு வருஷம் அந்த பஸ்ஸில் விலாவில் யார் யார் முழங்கையோ குத்த நின்றுகொண்டு போனவள் நான்.

அந்தப் புதன்கிழமை விளக்கு எரிந்ததும் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "முன்னாடி லெஃப்ட் வீல் சென்சார் மேடம். மாத்திட்டா முடிஞ்சது."

"சக்கரத்தைக் கழட்டிக் காட்டுங்க."

"கழட்டிப் பாக்க என்ன இருக்குது? யூடியூப் பாத்துட்டு வந்தீங்களா?"

"இடப்பக்கம் திரும்பும்போது மட்டும்தான் எரியுது. ஏன்னு எனக்குத் தெரியணும்."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். ஸ்டீரிங்கை முழுக்க இடப்பக்கம் திருப்பச் சொல்லிவிட்டு நான் குனிந்து பார்த்தேன். சக்கரத்தின் வேகத்தைச் சொல்லும் சென்சாரிலிருந்து வரும் வயர் விறைப்பாக இழுபட்டது. அதன் நடுவில் கருஞ்சிவப்பாக ஏதோ சுற்றியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். பட்டு நூல். அதைப் பிரித்தால், உள்ளே அறுந்த வயரின் இரண்டு முனைகளும் முறுக்கி ஒட்டவைக்கப்பட்டிருந்தன. முடிச்சு கிடையாது. சாம்பல் தடவியிருந்தது.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு தீர்ந்து, அதோடு புதுப் பாவைச் சேர்க்கும்போது இழைக்கு இழை இப்படித்தான் பிணைப்பார்கள். முடிச்சுப் போட்டால் சீப்பு மாதிரி இருக்கும் அச்சில் மாட்டும் என்பதால் விரலில் சாம்பல் தொட்டு முறுக்குவார்கள். பட்டு அதற்கு நிற்கும். செம்புக் கம்பி நிற்காது, ஸ்டீரிங் இழுக்கிற ஒவ்வொரு தடவையும் பிரியும்.

"சென்சாரும் வயரும் சேர்ந்துதான் வரும். அதத்தானே அப்பவே சொன்னேன்" என்றார் மெக்கானிக். அவர் சொன்னது சரிதான். மாற்றச் சொன்னேன். பழையதைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். திரும்பும் வழியில் வேண்டுமென்றே இடப்பக்கச் சந்துகளாகப் பார்த்து நுழைந்தேன். விளக்கு எரியவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் கொழுந்தன் வண்டியைத் திருமுக்கூடலுக்கு ஒரு காதுகுத்துக்கு எடுத்துப் போனான். ஆற்றோரம் முள்ளுக்குள் விட்டு வயரை அறுத்திருப்பான். நேரடியாகக் கேட்டால் இல்லை என்பான், என் கணவரும் அவனை நம்புவார். அதனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது வயரை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு வேறு மாதிரி ஆரம்பித்தேன்.

"பட்டறையில எவனோ செஞ்சிருக்கான். பிணைக்கவே தெரியாதவன். இதெல்லாம் ஒரு பிணைப்பா? நேத்து தறிக்கு வந்தவன் வேலை."

கொழுந்தன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். வயரை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தான்.

"நேத்து வந்தவனா? எங்க நழுவியிருக்குது காட்டுங்க அண்ணி. பிரிச்சது நீங்க. நான் போட்டப்ப கல்லு மாதிரி இருந்துது."

அவன் வயரைக் கீழே வைத்தான்.

"அப்ப நீதான் போட்டே" என்றேன். "போட்டுட்டு மூணு வாரம் என் பிரேக்கைப் பத்திப் பேசிக்கினு இருந்தே."

"அறுந்தா பிணைக்கறதுதான் அண்ணி. அதுக்குப் போயி…"

"சொல்லியிருக்கணும்டா" என்றார் என் கணவர். அவ்வளவுதான் அவனுக்கு. என் பக்கம் திரும்பி, "சரி விடும்மா, அதான் லைட் போச்சுல்ல. ரசம் ஊத்து" என்றார்.

ரசப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கொழுந்தன் அந்த வயரைக் கையோடு எடுத்துப் போய்விட்டான்.

மறுநாள் காலை, தண்ணீர் பிடிப்பதற்கும் முன்னால், கூடத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி தொங்கும் கார் சாவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டேன். பிறகு குறடு எடுத்து வந்து, அது தொங்கிய ஆணியையும் பிடுங்கினேன்.