கைறுன்னிஸா பேசி வைத்த கார்

மாத்தளை திருகோணமலை வீதியை ஒட்டிய ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்றவள் கைறுன்னிஸா. கருங்கல் உடைக்கும் இடத்தில் வெடி முந்திக்கொண்டதில் அவள் கணவன் இத்ரூஸுக்கு இரண்டு கண்ணும் போயின. அதன் பிறகு அவனுக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு வேலைதான். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டு, கோலைத் தட்டியபடி போய் மகள் ஸுலைஹாவைக் கூட்டி வருவான். போகும்போது சுவரோரமாகத் தடவிப் போவான். வரும்போது மகளின் கை இருக்கும். வழியில் பேக்கரி ராஜநாயகம் கூப்பிட்டு உட்காரவைத்துக் கதைப்பார்.

அறுபத்திரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் லொறியொன்று தகப்பனையும் மகளையும் உரசுவதுபோல் வந்து நின்றது. சந்தையில் வைத்துக் கைறுன்னிஸா அதைக் கேள்விப்பட்டாள். அடுத்த வீட்டு றம்லாவின் மகனுக்கு இளம்பிள்ளைவாதத்தில் கால் சூம்பியிருந்தது. அவனைப் பள்ளிக்கு ஏற்றி இறக்க லோரன்ஸ் என்பவர் வாடகைக்கு ஓட்டும் ஹயரிங் காரைப் பேசியிருந்தார்கள். கைறுன்னிஸா றம்லாவிடம் விவரம் கேட்டுக்கொண்டு நேரே அவரிடம் போனாள்.

"பின் சீட்டு சும்மாதான் கெடக்கு தங்கச்சி. ரெண்டு புள்ளைகளையும் ஒண்ணா ஏத்திட்டு வந்துர்றேன்" என்றார் லோரன்ஸ்.

அன்று சோறு போடும்போது கணவனிடம் சொன்னாள். "ஸுலைஹாட வாப்பா, நாளைல இருந்து நீங்க அலையத் தேவல்ல. புள்ள கார்ல வந்துரும்."

இத்ரூஸ் பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு, "நல்லதுதானே" என்றான்.

அந்தச் சொல்லை அவள் அப்படியே நம்பிவிட்டாள். சில நாள் அந்த நேரத்துக்கு அவன் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் இருந்தான். பிறகு சட்டை மாட்டுவதில்லை. மெல்ல மெல்லப் பேச்சும் குறைந்தது. "இத்ரூஸ் நானாவக் காணவே கெடைக்கலியே" என்று ராஜநாயகம் விசாரித்தபோது, "சொகமாத்தான் இருக்கார்" என்றாள் கைறுன்னிஸா.

இரண்டு வருடத்தில் லோரன்ஸ் காரை விற்றுவிட்டார். "இனி நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க" என்று அவளே இத்ரூஸிடம் கோலை எடுத்துக் கொடுத்தாள். ஒழுங்கை முனைவரை போனவன் திரும்பி வந்துவிட்டான். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"எல்லாப் பக்கத்தாலயும் சத்தம் கேக்குது புள்ள. எனக்கு வழி வெளங்கல்ல."

அன்று தனியாக நடந்து வந்த ஸுலைஹாவிடம் அவள் இதைச் சொல்லி வருந்தினாள்.

"முந்தி வெளங்கினதுதானே உம்மா" என்றாள் ஸுலைஹா. "அண்டைக்கு லொறி வரக்குள்ள வாப்பாதான் சத்தம் கேட்டு என்ன இழுத்தெடுத்தார்."

"ஏன்டி அப்பவே சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லையே. காரப் பேசிட்டு வந்துதானே சொன்னீங்க."

றம்லாவைக் கேட்டிருந்தாள், லோரன்ஸைக் கேட்டிருந்தாள். வீட்டில் இருந்த இரண்டு பேரை மட்டும் கேட்கவில்லை. கையைப் பிடித்துப் பேக்கரிவரையாவது கூட்டிப்போகிறேன் என்று பலதடவை அழைத்துப் பார்த்தாள். "இருக்கட்டும் புள்ள, ஒனக்கு வேல கெடக்கு" என்று அவன் மறுத்துவிட்டான். ஸுலைஹா பெரிய வகுப்புக்குப் போன வருடம், காய்ச்சலில் விழுந்த இத்ரூஸ் எழும்பாமலே மௌத்தானான்.

மையித்து வீட்டுக்கு வந்தவர்கள், புருஷனை வெயிலில் விடாமல் ராசா மாதிரி வைத்துப் பார்த்தாள் என்று அவளைப் புகழ்ந்தார்கள். கைறுன்னிஸா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.