பின்னால் ஓர் ஆட்டோவோடு பூந்தமல்லிக்கு

காலை 5.45. பாரிவாக்கத்தில் எங்கள் குடியிருப்பு வாசலிலிருந்து பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் புறப்பட்டேன். கைப்பேசிக் கணக்கில் இரண்டு கிலோமீட்டர் எண்ணூறு மீட்டர். இதற்கெல்லாமா பயணக் கட்டுரை என்று சிரிப்பவர்களுக்கு ஆறு வருடமாக முழங்கால் வலி இருந்திருக்காது.

முட்டியும் டயர் மாதிரிதான், ஓட ஓடத் தேயும் என்பது என் நம்பிக்கை. "வலிக்குதுன்னா தேயுதுன்னு அர்த்தம் இல்லம்மா, மெதுவா நடங்க" என்று பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் பாதியில் திரும்பியவள் நான். இந்தத் தடவையும் முடியாவிட்டால் நடை என்ற பேச்சையே எடுக்கமாட்டேன் என்று கணவரிடம் சொன்னேன். அவர் உடனே "சரி" என்றார். அதுதான் பயமாக இருந்தது.

ஓர் ஏற்பாடும் செய்துவைத்தார். வாசல் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் செல்வம், இருநூறு ரூபாய்க்கு என் பின்னாலேயே வருவார். வலித்தால் ஏறிக்கொள்ளலாம்.

6.05. "இன்னாக்கா, ஃபர்ஸ்ட் கியர்லயே வந்துகினு கீறேன். வண்டி சூடாவுது, ஏறிக்கோயேன்" என்றார் செல்வம்.

"நான் இன்னும் சூடாகலையே" என்றேன்.

பார்ப்பவர்களுக்கு இது பேரம் படியாத விவகாரமாகத் தெரிந்திருக்கிறது. பால் பாக்கெட் போடுகிறவர் வண்டியை நிறுத்தி, "பத்து ரூபா கொறச்சுக்கோ நைனா, பாவம், அந்தம்மா நடந்துகினு போவுது" என்று செல்வத்தைக் கண்டித்தார். செல்வம் தலையில் அடித்துக்கொண்டார்.

6.20. ஒன்றே கால் கிலோமீட்டர். வலது முட்டியில் வலி வந்து உட்கார்ந்துகொண்டது. ஆட்டோவைக் கூப்பிடக் கை தூக்கினேன். அப்போது கம்பெனிச் சீருடையில் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, திருமழிசை கம்பெனி பஸ்ஸ ஆறரைக்குப் பூந்தமல்லில எடுத்துருவாங்க. ரேட்டு படியலன்னா நான் ஏறிக்கவா? நீங்களும் வாங்க, சேர்ந்தே போயிடலாம்."

சேர்ந்தே போகலாம்தான். ஆனால் இதில் ஏறினால் இனி ஒருநாளும் நடக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். "நீ போம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"நெசமாத்தான் சொல்றியாக்கா?" என்றார் செல்வம்.

"கெளம்பு செல்வம், நான் மனசு மாறுறதுக்குள்ள."

ஆட்டோ மறைந்ததும் அழுகையே வந்துவிட்டது. பேருந்து நிழற்குடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுந்தேன். பத்தடிக்கு ஒருதரம் வலி கூடிவிட்டதா என்று பார்த்தேன். கூடவில்லை, குறையவும் இல்லை. கடைத்தெருவில் மல்லிகை மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசனை பிடித்துக்கொண்டே போனதில் வலியைச் சோதிக்க மறந்துவிட்டேன்.

7.05. பேருந்து நிலையம். டீ பதினைந்து ரூபாய். நின்றுகொண்டே குடித்தேன். வீட்டு நாற்காலியில் இருந்திருந்தாலும் இந்நேரம் இதே வலிதான் இருந்திருக்கும். அங்கே டிவியைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கணவர் போன் செய்தார். "வலிக்குதா?"

"வலிக்குது."

"நெனச்சேன். அப்ப நாளைக்கு நடை கிடையாதுல்ல?"

"நடை உண்டுங்க. ஆட்டோதான் கிடையாது."