கீழே போட்ட கையெழுத்து

வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதுதான் வக்கீல் ஆபீசில் என் முக்கியமான வேலை. இன்றைக்குச் சொன்னால் திருட்டுத்தனமாகத் தோன்றும். அப்போது யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. நெட்டுக்குப்பத்து ஆட்கள் கடலுக்குப் போனால் எப்போது கரையேறுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? வாய்தா அன்றைக்கு அவசரமாக ஒரு மனு போட வேண்டுமென்றால் கையெழுத்துக்கு எங்கே ஓடுவது? அதனால் வக்காலத்தோடு சேர்த்து நாலைந்து வெள்ளைத்தாளிலும் வாங்கிப் பீரோவில் பூட்டி வைப்போம். நானும் அந்தக் குப்பத்துப் பெண்தான். "கீய போடு நைனா, இன்னும் கீய" என்று என் அப்பாவிடமே சொல்லி வாங்கினேன். மேலே எழுத இடம் வேண்டுமே.

வழக்கு இதுதான். ஆற்றோரமாகச் சுவர் எழுப்ப ஒரு கம்பெனி வந்தது. சுவர் வந்தால் நாங்கள் படகுக்குப் போகிற பாதை அடைபட்டுவிடும். வேறு பாதை கிடையாது. வக்கீல் சார் ஃபீஸே வாங்காமல் வாதாடித் தடை உத்தரவு வாங்கித் தந்தார்.

சார் தெற்கத்திக் குடும்பம். காலடிப்பேட்டையில் அவருடைய அப்பாவின் மளிகைக்கடைக்கு மேல் மாடியில்தான் ஆபீஸ். கட்டுக்கட்டாகக் கேஸ் காகிதம், அதன்மேல் பெருங்காய வாசனை. குப்பத்தார் ஆசையாகக் கொண்டு வரும் வஞ்சிரத்தைச் சிரித்த முகத்தோடு வாங்கி, அவர்கள் படி இறங்கியதும் என் கையில் கொடுத்துவிடுவார். அவர் சைவம். அதைக்கூட அவர்களிடம் சொல்லி மனம் நோகவிட மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் என்றுதான் நானும் நினைத்தேன்.

"நீங்க எலெக்‌ஷன்ல நில்லுங்க வக்கீல் சார், நாங்க கீறோம்" என்று முதலில் சொன்னவர் என் அப்பா. சார் நின்றார், ஜெயித்தார். குப்பம் முழுக்க வெடி வெடித்தோம்.

பிறகு மாடிப்படியில் கட்சிக்கார வெள்ளைச்சட்டைக்காரர்கள் உட்கார்ந்தார்கள். குப்பத்தார் அவர்களைத் தாண்டி மேலே வரக் கூச்சப்பட்டார்கள். எங்கள் கேஸ் கட்டு மேஜையிலிருந்து அலமாரிக்குப் போனது, அலமாரியிலிருந்து தரைக்கு வந்தது. ஒருநாள் நான் டீ கொண்டு போனபோது, கோர்ட்டில் எதிர்ப்பக்கம் நிற்கிற கம்பெனி ஆள் சாரின் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து "நல்லா இருக்கியாம்மா?" என்று விசாரித்தார். வீட்டில் சொன்னேன். "பெரிய மன்சங்கன்னா நாலு பேரு வர்வாங்க, போவாங்க" என்றார் அப்பா.

மறுவாரம் சார் என்னைக் கூப்பிட்டார். "அந்த வெள்ளைத்தாள் கட்டு பத்திரமா இருக்குல்லம்மா?"

"இருக்கு சார்."

ஜூனியர் கையால் எழுதிய ஒரு பக்கத்தைக் கொடுத்து டைப் செய்யச் சொன்னார். வழக்கை மனமார வாபஸ் பெறுகிறோம், ஆட்சேபணை இல்லை என்று இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். "ஊருக்கு நல்லதுதான். உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். குரலை உயர்த்தவேயில்லை. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ என்பார்கள். ஆற்றங்கரைக்காரியான எனக்கு அது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

பயந்தேன். வேறென்ன சொல்ல? அவர் இப்போது வெறும் வக்கீல் இல்லை. சாதாத் தாளில் ஒரு பிரதி எடுத்து, கையெழுத்துத் தாளின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடைசி வரி அப்பாவின் பெயருக்குச் சரியாக மூன்று விரற்கடை மேலே நின்றது. வேலையில் நான் சுத்தம். ஆளுக்கு ஒரு தாள் மெஷினில் கொடுத்தேன், மிச்சத்தைத் திரும்பப் பீரோவில் பூட்டினேன்.

சுவருக்குப் பள்ளம் தோண்ட வந்தவர்களைக் குப்பத்தார் மறித்தபோது தடை நீங்கிவிட்டதென்று போலீஸ் அந்த வாபஸ் மனுவின் நகலை நீட்டியதாம். அப்பா அதை வாங்கிக்கொண்டு, வெள்ளைச்சட்டைகளைத் தாண்டி, நேராக என் மேஜைக்கே வந்துவிட்டார். அவருக்குத் தன் பெயரை எழுத மட்டும்தான் தெரியும்.

"இன்னாமா எய்திகீது? படி."

படித்தேன். முழுசாகப் படித்தேன். அவர் கத்துவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். தன் கையெழுத்தையே விரலால் தடவிக்கொண்டு நின்றார்.

"கையெய்த்து என்துதான். கீய போடுன்னு நீ சொன்ன, போட்டேன். மேல இன்னா எய்துவன்னு நான் கேக்கவேல்லமா."

உள்ளே சார் யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மாரி வெத்துப் பேப்பரு இன்னும் கீதா?" என்று கேட்டார் அப்பா.

"இல்ல நைனா, தீந்துபோச்சி" என்றேன். பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது.